கோடை ஏரியும் சட்டிமீனும்

திருக்குறளிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக வைக்கப்பட்டுள்ளன. அரசனை நோக்கி உரைக்கப்பட்ட அம்மூன்றும் தூண்டில் ஏந்தியவனுக்கும் பொருந்துவனவே. எக்காலத்தில் எவ்விடத்தில் மீன் நிற்கும் என்பதை அறியாதான் பகல் முழுதும் நீரை நோக்கியிருந்தும் வெறுங்கையுடன் மீள்வான். அறிந்தவனோ சிறுபொழுதிற் கூடை நிறைப்பான். ஆயின், காலமும் இடமும் அறிந்த ஒருவன் ஏரியின் வலி எத்துணையது என்பதை அறியாது எடுப்பானாயின், அவன் பெற்ற அறிவே அவ்வேரிக்குக் கேடாய் முடியும். வட அமெரிக்காவின் நன்னீர் நிலைகளிலே கோடைக்காலத்தில் நடைபெறும் சட்டிமீன் வேட்டையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வுண்மையை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதன்கண் வெப்பநிலைகள் யாவும் சதம அளவையிற் கூறப்படும்.

சட்டிமீன்கள் யாவை?

ஐக்கிய அமெரிக்க நாட்டினர் சிறு நன்னீர் மீன்கள் சிலவற்றை ஒருங்குசேர்த்துப் ‘பான்பிஷ்’ என வழங்குவர். ‘பான்’ என்பது பொரிக்குஞ் சட்டியைக் குறிக்கும். துண்டமாக வெட்ட வேண்டாது முழுமையாகவே சட்டியில் அடங்கும் அளவினவாதலின் இவை இப்பெயர் எய்தின. ஆகவே இவற்றைத் தமிழிற் சட்டிமீன் எனக் கூறுதல் பொருந்தும். இப்பெயர் அடுக்களையிலே தோன்றியதாதலின், விலங்கியலார் வகுத்த குடும்பங்களுக்குள் அடங்குவதில்லை. உடலமைப்பிலும் வாழ்க்கை முறையிலும் வேறுபட்ட பல இனங்கள் இப்பெயரின்கீழ் வருகின்றன.

அவற்றுட் பலராலும் விரும்பப்படுவது கிறப்பி என்னும் மீன். இது கருங்கிறப்பி, வெண்கிறப்பி என இருவகைப்படும். கருங்கிறப்பியின் உடலிற் கரும்புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். வெண்கிறப்பியிலோ அப்புள்ளிகள் மேலிருந்து கீழாக இறங்கும் வரிகளாய் அமையும். நீரின் தன்மைக்கேற்ப நிறம் மாறுபடுமாதலின், ஐயம் நீங்கும்பொருட்டு முதுகுச் செட்டையின் முட்களை எண்ணுதல் வழக்கம். கருங்கிறப்பிக்கு 7 அல்லது 8 முட்களும் வெண்கிறப்பிக்குப் பெரும்பாலும் 6 முட்களும் உள. கருங்கிறப்பி தெளிந்த நீரையும் நீர்த்தாவரங்களையும் விரும்பும். வெண்கிறப்பி கலங்கல் நீரையும் பொறுத்து வாழும். இவ்விரண்டின் வாயோரமும் மெல்லிய தாளை ஒத்தது. இதனால் ‘தாள்வாயன்’ எனப் பொருள்படும் பட்டப்பெயரொன்றும் இதற்கு உண்டு. லூசியானா மாநிலத்துப் பிரெஞ்சு மரபினர் இதனைச் ‘சாக்கலே’ என அழைப்பர். அச்சொல்லுக்குப் பாற்பை என்பது பொருள். வெண்கிறப்பி 1993 ஆம் ஆண்டில் அம்மாநிலத்தின் மீனாக அறிவிக்கப்பட்டது.

கிறப்பிக்கு அடுத்து எண்ணப்படுவது புளூகில். செவுள் மூடியை ஒட்டித் தோன்றும் நீலநிறத்தினால் ‘நீலச் செவுள்’ என்னும் பொருளுடைய இப்பெயரை அது பெற்றது. செம்மஞ்சள் வயிற்றையுடைய ‘பூசணிவிதை’ மீனும், தொண்டையிலுள்ள பற்களால் நத்தையோடுகளை நொறுக்கி உண்ணும் செங்காது மீனும் அதன் நெருங்கிய உறவினங்கள். கிறப்பியும் இவையும் சூரியமீன்கள் எனப்படும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றை வேட்டையாடி உண்ணும் ‘பாஸ்’ என்னும் பெருவாய் மீனும் அக்குடும்பத்ததே. மஞ்சட் பேர்ச் என்பது வேறொரு குடும்பத்தைச் சார்ந்ததாயினும் சட்டிமீனாகவே கொள்ளப்படுகின்றது.

இம்மீன்கள் பெரும்பாலும் ஒரு சாண் அளவினவே. எனினும் எப்போதாவது பேருருப் பெறுவதும் உண்டு. வெண்கிறப்பியின் உலகச் சாதனையாகக் கொள்ளப்படும் மீன் மிசிசிப்பி மாநிலத்து ஈனிட் நீர்த்தேக்கத்தில் 1957 யூலை 31 ஆம் நாள் பிடிக்கப்பட்டது. அதன் நிறை 5 இறாத்தல் 3 அவுன்சு. அந்நாள் கோடையின் நடுக்கூறு என்பது கருதத்தக்கது. ஏனெனில், கிறப்பியை இளவேனிற் காலத்திலன்றிப் பிடித்தல் அரிது என்னும் எண்ணம் தூண்டிற்காரரிடையே நெடுங்காலம் நிலவிவந்தது. இளவேனிலில் நீரின் வெப்பநிலை 16 முதல் 20 பாகை வரை உயரும்போது கிறப்பிகள் முட்டையிடுதற்காகக் கரையோரத்தை நாடும். அப்பொழுது அவற்றைச் சிறுவரும் பிடிப்பர். முட்டையிடுதல் முடிந்து கோடை தொடங்கியதும் அவை கரையிலிருந்து மறைந்துவிடும். அவை எங்கே சென்றன என்னும் வினாவுக்கு விடையளிப்பது நீரின் இயல்பே.

நீர் படைபடையாதல்

பொருள்கள் பெரும்பாலும் குளிருந்தோறும் சுருங்கி அடர்த்தி மிகும். நீரோ ஏறத்தாழ 4 பாகை வெப்பநிலையில் உயர்ந்த அடர்த்தியை எய்தி, அதற்குமேற் குளிர்ந்தால் மீண்டும் விரிந்து இலேசாகின்றது. இதனாலேயே பனிக்கட்டி மிதக்கின்றது. ஏரியின் மேற்பரப்பு உறைந்து மூடிய காலத்தும் அடியிலே மீன்கள் உயிர்வாழ்கின்றன.

இளவேனிலில் மேலிருக்கும் பனிக்கட்டி உருகி, மேல் நீர் 4 பாகையை எய்தும்பொழுது ஏரி முழுவதும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி உடையதாகும். அவ்வேளை வீசுங் காற்று மேல்நீரைக் கீழும் கீழ்நீரை மேலுமாகப் புரட்டிவிடும். இப்புரட்சியினால் வளியிலுள்ள ஒட்சிசன் அடிவரைக்கும் சென்றடைகின்றது. பின்னர்ச் சூரியவெப்பம் மிகமிக மேல்நீர் சூடேறி இலேசாகிக் கனமான குளிர்நீரின்மேல் மிதக்கத் தொடங்கும். 4 பாகைக்கும் 5 பாகைக்கும் இடையே நீரின் அடர்த்தியில் உண்டாகும் வேறுபாட்டிலும், 24 பாகைக்கும் 25 பாகைக்கும் இடையே உண்டாகும் வேறுபாடு ஏறக்குறைய 30 மடங்கு பெரிது. ஆதலின் கோடை முதிருந்தோறும் மேல்நீரும் கீழ்நீரும் ஒன்றோடொன்று கலத்தற்கு மறுக்கும். எண்ணெய் நீரின்மேல் நிற்பதுபோல வெந்நீர் தண்ணீரின்மேல் நிற்கும் என்று கூறின் மிகையாகாது.

இவ்வாறு கோடையில் ஆழமான ஏரி மூன்று படைகளாகப் பிரிகின்றது. காற்றினால் அலைப்புண்டு எங்கும் ஒரேயளவு சூடாயிருக்கும் மேற்படையை மேனீர் எனலாம். அடியிற் குளிர்ந்து அசைவற்றுக் கிடப்பது ஆழ்நீர். இரண்டிற்கும் நடுவே, சிறிது இறங்கினும் வெப்பநிலை சடுதியாகக் குறையும் மெல்லிய படையொன்று உண்டு, அது இடைநீர். மீற்றர் ஒன்றுக்கு ஒரு பாகையேனும் வெப்பநிலை குறையும் பகுதியே இவ்விடைநீர் என்பது பண்டை ஆய்வாளர் வகுத்த வரையறை. கோடையில் ஏரியில் மூழ்குவோர், உடலின் மேற்பாகம் இளஞ்சூட்டிலும் காலடி கடுங்குளிரிலும் இருப்பதை உணர்வது இதனாலேயே.

இலையுதிர்காலத்தில் மேனீர் குளிர்ந்து கனமாகிக் கீழிறங்க, படைகள் அழிந்து ஏரி மீண்டும் ஒருமுறை புரளும். ஆகவே வசந்தப் புரட்சிக்கும் இலையுதிர்காலப் புரட்சிக்கும் இடைப்பட்ட கோடை முழுவதும் ஆழ்நீர் வளியோடு தொடர்பற்று அடைபட்டுக் கிடக்கின்றது. சட்டிமீனின் கோடை வாழ்க்கையை நிருணயிப்பது இவ்வடைபட்ட நிலையே.

மெண்டோட்டா ஏரி உணர்த்திய உண்மை

மேற்கூறிய படைகள் உயிர்களின் வாழ்வை எங்ஙனம் கட்டுப்படுத்துகின்றன என்பதைத் தெளிவாக்கிய பெருமை விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. அப்பல்கலைக்கழகம் மடிசன் நகரில் மெண்டோட்டா ஏரியின் கரையிலே அமைந்துள்ளது. அவ்வேரி ஏறத்தாழ 40 சதுர கிலோமீற்றர் பரப்பும் 25 மீற்றர் ஆழமும் உடையது. எட்வேட் பேர்ஜ் (1851–1950) என்னும் விலங்கியற் பேராசிரியர் 1890களில் அவ்வேரியில் மிதந்து வாழும் நுண்ணிய ஓட்டுயிர்கள் எவ்வெவ் ஆழத்தில் எத்துணை உள என்று கணக்கிட முற்பட்டார். வெப்பநிலை சடுதியாக மாறும் இடைப்படைக்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை 1897 இல் அவரே படைத்தார். கோடையின் பிற்பகுதியில் அந்நுண்ணுயிர்கள் அப்படையின் கீழே இல்லாதொழிவதை அவர் கண்டார். குளிரை அஞ்சி அவை நீங்கின என்று கொள்ளுதற்கில்லை. பனிக்காலத்தில் அதனினும் குளிர்ந்த நீரில் அவை வாழ்ந்தன அன்றோ! அவ்விடத்து ஒட்சிசன் இல்லாமையே காரணம் என்பது பின்னர்ப் பெறப்பட்டது.

பேர்ஜ் அவர்களும் அவருடன் இணைந்த சான்சி ஜூடே (1871–1944) அவர்களும் விஸ்கொன்சினின் பற்பல ஏரிகளில் நீரிற் கரைந்த வளிகளை அளந்து, 1911 இல் ஒரு பெருநூலாக வெளியிட்டனர். அவர்கள் காட்டிய உண்மை வருமாறு: மேனீரில் வாழ்ந்து மடிந்த பாசிகளும் பிற உயிர்களும் மழைபோல் ஆழ்நீரில் வீழ்கின்றன. அங்கே பற்றீரியாக்கள் அவற்றைச் சிதைக்கும்போது ஒட்சிசன் செலவாகின்றது. மேலிருந்து புதிய ஒட்சிசன் வருதற்கு இடைநீர் தடையாக நிற்கின்றது. ஒளி குன்றியமையால் தாவரங்களும் அதனை அங்கு ஆக்குவதில்லை. எனவே வளமிக்க ஏரியில் யூலை, ஓகத்து மாதங்களில் ஆழ்நீர் ஒட்சிசன் அற்றதாகிவிடுகின்றது. வளம் குறைந்து தெளிந்த ஏரிகளில் மட்டுமே ஆழ்நீர் கோடை முழுதும் மூச்சுக்கு உதவுவதாய் எஞ்சும்.

மீன் நிற்கும் இடம்

இனி மீனின் நிலையை நோக்குவோம். நன்னீர் மீன்கள் நலமே வாழ இலீற்றர் ஒன்றுக்கு 5 மில்லிகிராம் ஒட்சிசன் வேண்டும் என்பர்; 2 மில்லிகிராமிற் குறைந்தால் அவற்றுட் பெரும்பாலன அங்கு நில்லா. மற்றொரு புறம், நீர் சூடேறுந்தோறும் அது கொள்ளக்கூடிய ஒட்சிசன் குறைகின்றது. 10 பாகையில் இலீற்றருக்கு 11 மில்லிகிராமிற்கு மேல் கரையும் வளி, 30 பாகையில் ஏழரை மில்லிகிராமளவே கரையும். சூடு மிகுந்தால் மீனின் உடற்றொழில் விரைந்து ஒட்சிசன் தேவையும் மிகும். மிசூரி மாநிலத்தில் நடந்த ஆய்வுகள், வெண்கிறப்பி 24 பாகையை ஒட்டிய நீரில் மிகுதியாக உண்ணும் என்றும், அதனினும் சூடேறினால் உணவு விரைந்து குறையும் என்றும் காட்டின. எனவே வளர்ந்த கிறப்பிக்கு மேலே சுடுநீர். கீழே மூச்சற்ற நீர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டு, இடைநீரின் மேல்விளிம்பை ஒட்டிய ஒடுங்கிய பட்டையிலேயே அது கோடையைக் கழிக்க நேர்கின்றது. கரையில் மறைந்த கிறப்பி சென்று சேர்ந்த இடம் இதுவே.

அப்பட்டையில் உணவும் உண்டு. தப்னியா முதலிய நீர்த்தெள்ளுகள் பகலிற் பகைக்கஞ்சி இருண்ட ஆழத்தில் ஒதுங்கி, இரவில் மேலெழுந்து பாசியை மேயும். உடல் முழுதும் கண்ணாடிபோல் ஒளியூடுருவும் கயோபொறசு என்னும் கொசுவினக் குடம்பியோ, ஒட்சிசன் அற்ற ஆழ்நீரிலும் பகற்பொழுதைக் கழிக்கும் ஆற்றலுடையது. அந்திக்குப் பின் அதுவும் மேலெழும். இவை ஏறும் வழியிலே கிறப்பிகள் காத்து நிற்கும். இதனால் கிறப்பி அந்தியிலும் விடியலிலும் இரவிலும் ஊக்கமாக உண்ணும்; வெயில் ஏறிய பின்னர் நீரில் அமிழ்ந்த மரக்கிளைகள், பாலத்தூண்கள், படகுத்துறைகளின் நிழல் முதலியவற்றைச் சார்ந்து அசையாது நிற்கும்.

புளூகிலின் இயல்பு சற்று வேறுபட்டது. அது கோடை முழுதும், நீர் 20 பாகையைக் கடந்த பின்னர்ப் பலமுறை முட்டையிடும். ஆண்மீன்கள் ஆழம் குறைந்த மணற்பரப்பிற் கிண்ணம்போற் குழி பறித்து, நூற்றுக்கணக்கில் அருகருகே கூடு அமைத்துக் காவல் புரியும். ஆதலிற் கோடையிலும் அதனைக் கரையோரத்திற் காணலாம். ஆயினும் கரையில் நின்று தூண்டிலிடுவோர் சிறு புளூகில்களையே மிகுதியாகப் பெறுவர். இதற்குக் காரணத்தை மிச்சிகன் மாநிலத்தில் ஏள் வேணரும் அவருடைய தோழர்களும் 1970களிலும் 1980களிலும் நடத்திய சோதனைகள் விளக்கின. சிறு புளூகில் பாஸ் மீனுக்கு அஞ்சி நீர்த்தாவரங்களினிடையே ஒடுங்கி வாழ்கின்றது. உணவு வெளிநீரில் மிகுந்திருப்பினும் உயிரச்சத்தால் அதனைத் துறக்கின்றது. பாஸின் வாயில் அடங்காத அளவு வளர்ந்தபின், அவ்வச்சம் நீங்கி வெளிநீருக்குச் சென்று தப்னியாவை உண்கின்றது. எனவே பெரிய புளூகிலை விரும்புவோன் முட்டையிடும் இடங்களை நீங்கி, பாசிப்படுகையின் வெளிவிளிம்புக்கு அப்பாலுள்ள ஆழநீரிலே தேடுதல் வேண்டும்.

மஞ்சட் பேர்ச் பகலிற் கூட்டமாகத் திரியும். கதிரவன் மறைந்ததும் கூட்டம் கலைந்து தனித்தனியாகத் தரையிற் படியும். மெண்டோட்டா ஏரியில் ஆதர் ஹாஸ்லர் முதலியோர் 1940களில் இதனை ஆராய்ந்து உரைத்தனர். எனவே இரவில் கிறப்பி கிடைக்கும் அதே இடத்திற் பேர்ச் கிடையாது.

இவ்விதிகளுக்கு விலக்கும் உண்டு. நான்கைந்து மீற்றர் ஆழமே உடைய ஏரிகளில் காற்று அடிவரைக்கும் நீரைக் கலக்குவதாற் படைகள் நிலைப்பதில்லை. ஆற்றின் குறுக்கே அணையிட்டு உண்டாக்கிய நீர்த்தேக்கங்களில் நீரோட்டம் வலிதாயின் அங்கும் படைகள் குலையும். அத்தகைய இடங்களில் ஆழத்தைக் காட்டிலும் நிழலும் நீரோட்டமும் மறைவிடமுமே மீன் நிற்கும் இடத்தைத் தீர்மானிக்கின்றன.

தூண்டிலிடும் முறை

இடைநீர் எவ்வாழத்தில் உளது என அறிதற்கு எளிய வழி, வெப்பமானியொன்றை அளவிட்ட கயிற்றிற் கட்டி மீற்றர் மீற்றராக இறக்கிப் பார்த்தலாகும். இறக்கிய இடத்திற் சிறிதுநேரம் நிறுத்தி, விரைந்து இழுத்துப் படித்தல் வேண்டும். இக்காலத்தார் ஒலியலைகளை நீரினுட் செலுத்தி எதிரொலியைப் படமாக்கும் கருவியைப் படகிற் பொருத்துகின்றனர். இடைநீரில் அடர்த்தி மாறுதலாலும் நுண்ணுயிர்கள் செறிந்திருத்தலாலும் அக்கருவியின் திரையில் அது ஒரு மங்கலான கோடாகத் தோன்றும். அக்கோட்டின் கீழே தூண்டிலை இறக்குதல் வளமான ஏரியில் வீண்முயற்சி.

கிறப்பிக்குரிய தூண்டில் மெல்லியதாதல் வேண்டும். 4 முதல் 6 இறாத்தல் நிறை தாங்கும் தங்கூசி நூலும், வளைந்து கொடுக்கும் நீண்ட கோலும் போதும். ஈயத்தலையும் இறகோ மென்பிளாத்திக்கு வாலோ பொருந்திய சிறு போலியிரையினை ‘ஜிக்’ என்பர். அது ஓர் அவுன்சின் பதினாறில் ஒரு பங்கு அல்லது அதனினும் குறைந்த நிறையுடையது. உயிருள்ள சிறு மீன்குஞ்சும் சிறந்த இரையாம். புளூகிலுக்கு மண்புழுவும் சிள்வண்டும் ஏற்றவை. அதன் வாய் சிறிதாதலின் தூண்டில்முள்ளும் சிறிதாதல் வேண்டும்.

மீன் நிற்கும் மட்டத்திற்குச் சற்று மேலாக இரையை நிறுத்துதல் முதன்மையான விதி. கிறப்பி மேல்நோக்கி எழுந்து இரை கொள்ளும் இயல்பினது. தனக்குக் கீழே செல்லும் இரையை அது பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஆழநீரில் இதனைச் செய்தற்கு நூலில் வழுக்கிச் செல்லும் மிதவையைப் பூட்டி, வேண்டிய ஆழத்தில் ஒரு முடிச்சிட்டு நிறுத்துவர். மிதவை இல்லாதவிடத்து, ஜிக் அமிழும் வேகத்தை முன்னரே அறிந்து எண்ணிக்கொண்டே இறக்குவர். பத்து எண்ணும்போது மீன் கடித்ததாயின் அடுத்தமுறையும் பத்து எண்ணி நிறுத்துவர். படகின் முன்புறத்தே பல கோல்களை விசிறிபோற் பரப்பி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு ஆழத்தில் இட்டு மெல்லச் செலுத்தும் முறையும் தென்மாநிலங்களில் உண்டு. ஒரே வேளையிற் பல ஆழங்களைச் சோதித்தற்கு அது துணையாகின்றது. எத்தனை கோல்கள் இடலாம் என்பதை அவ்வம்மாநிலச் சட்டம் வரையறுக்கும்.

இரவில் படகில் விளக்கேற்றிப் பிடித்தல் பழைய வழக்கம். ஒளியை நாடி நுண்ணுயிர்கள் வரும்; அவற்றை நாடிச் சிறுமீன்கள் வரும்; சிறுமீன்களை நாடிக் கிறப்பிகள் ஒளிவட்டத்தின் இருண்ட விளிம்பில் வந்து நிற்கும். தூண்டில் அவ்விளிம்பிலேயே இடப்படும். மீன் கடித்தபின் வெடுக்கென இழுத்தலாகாது. தாள்போன்ற வாய் கிழிந்து மீன் தப்பிவிடும். கோலை அமைதியாக உயர்த்தி, இறுதியிற் கைவலையால் ஏந்துதலே முறை.

வலியறிதல்

இதுகாறும் கூறியவற்றால், கோடையிற் கிறப்பி அகன்ற ஏரியெங்கும் பரவி வாழாது, ஒரு மெல்லிய பட்டையிலே செறிந்து நிற்பது பெறப்படும். அப்பட்டையைக் கண்டவனுக்கு மீன் மிகுதியாய்த் தோன்றும். ஓரிடத்திற் செறிவைக் கண்டு ஏரி முழுதும் அவ்வாறே நிறைந்தது எனக் கொள்ளுதல் பெரும்பிழை. கோடை வேட்டையின் இடர் இங்கேதான் தொடங்குகின்றது.

முதலாவது இடர், பிடித்தபின் விட்டுவிடலாம் என்னும் எண்ணத்தால் விளைவது. இம்மீன்களின் காற்றுப்பைக்கு வாயோடு தொடர்பில்லை. ஆழத்திலிருந்து விரைவாக மேலிழுக்கப்படும்போது நீரமுக்கம் குறைந்து காற்றுப்பை வீங்கும், கண் பிதுங்கும், விடப்பட்டதும் கீழே செல்லமாட்டாது சுடுநீரில் மிதக்கும். அவ்வாறு விடப்பட்ட மீன்களுட் பல உயிர் பிழைப்பதில்லை. ஆதலிற் கோடையில் ஆழநீரிற் பிடிப்போன், வேண்டிய அளவு பெற்றதும் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு மீளுதலே அறம். விளையாட்டுக்காகப் பிடித்துப் பிடித்து விடுதல் கொல்லாமையாகத் தோன்றினும் உண்மையிற் கொலையே.

இரண்டாவது இடர் நுட்பமானது. புளூகில் மிகுதியாகப் பெருகும் மீன். அதனை எத்துணை எடுத்தாலும் குறையாது என்பது பொதுமக்கள் கருத்து. அலபாமாவில் ஹோமர் சுவிங்கிள் என்பார் பண்ணைக் குளங்களில் நெடுங்காலம் ஆராய்ந்து 1950 இல் வெளியிட்ட முடிவுகள் வேறொன்றைக் காட்டின. பாஸ் மீன்கள் குறைந்த குளத்திற் புளூகில் எல்லையின்றிப் பெருகி, உணவு போதாது, யாவும் விரலளவே உடையனவாய்க் குறுகிவிடும். இலங்கையினர் இந்நிலையை நன்கு அறிவர். 1952 இல் இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும் அடைபட்ட சிறுகுளங்களில் நெருக்கம் மிகுந்தால் இவ்வாறே சிறுத்துப்போகும்.

குறுகுதற்கு நெருக்கம் மட்டும் காரணமன்று. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஒப்பினிக்கன் ஏரியில் மாட் குறோஸ் என்பார் 1980களில் வெளியிட்ட ஆய்வுகள், ஆண் புளூகில்கள் இருவேறு வாழ்க்கை முறைகளை உடையன என்பதைப் புலப்படுத்தின. ஒருவகை ஏறத்தாழ 7 ஆண்டு வளர்ந்து பேருருவம் எய்திய பின்னரே கூடமைத்துக் குஞ்சுகளைக் காக்கும். மற்றொரு வகை 2 வயதளவிலேயே முதிர்ந்து, பிறர் கூட்டினுட் களவாகப் புகுந்து கருவூட்டி ஓடும். பெரிய காவல் மீன்கள் இருக்கும் ஏரியில் இளைய ஆண்கள் முதிர்ச்சியைத் தள்ளிவைத்து உடலை வளர்க்கின்றன. பெரியவை இல்லாதொழிந்தால் இளமையிலேயே முதிர்ந்து வளர்ச்சி குன்றுகின்றன என்பதை இலினோய் மாநிலத்து ஆய்வாளர் பின்னர்க் கண்டனர். தூண்டிற்காரனோ பெரிய மீனையே தேடி எடுக்கின்றான். அதிலும் கூட்டைக் காத்து நிற்கும் ஆண்மீன் எளிதில் அகப்படும். இங்ஙனம் ஆண்டுதோறும் பெரியவற்றை எடுத்துச் சிறியவற்றை விடுவதனால், பெருமீன் வாழ்ந்த ஏரி சிறுமீன் ஏரியாகின்றது. மீன்களின் எண்ணிக்கை குறையாமையால் இக்கேடு பலர் கண்ணுக்குப் புலனாவதில்லை.

இதனை உணர்ந்த மாநிலங்கள் சட்டத்தைத் திருத்தத் தொடங்கின. விஸ்கொன்சின் மாநிலம் ஒருவர் நாளொன்றுக்கு 25 சட்டிமீன்கள் பிடிக்கலாம் என்னும் பொதுவிதியை வைத்துக்கொண்டே, 2016 முதல் தேர்ந்தெடுத்த சில ஏரிகளில் அதனினுங் குறைந்த எல்லைகளை விதித்துச் சோதித்தது. மினசோட்டா மாநிலம் 2021 முதல் பல ஏரிகளிற் சூரியமீனுக்குரிய நாளெல்லையை 5 அல்லது 10 ஆகக் குறைத்தது. பெருமீன்கள் அழிந்த பின்னர் மீட்டல் அரிது. உள்ள இடத்திற் காத்தலே எளிது என்னும் கருத்தே இவற்றிற்கு அடிப்படை.

மூன்றாவது இடர் தூண்டிற்காரனின் கைக்கு அப்பாற்பட்டது. உலகம் வெப்பமுறுந்தோறும் ஏரிகள் முன்னதாகவே படைபட்டுப் பிந்தியே கலக்கின்றன. ஆழ்நீர் அடைபட்டுக் கிடக்கும் காலம் நீளுகின்றது. மிதவெப்ப நாடுகளில் உள்ள 393 ஏரிகளின் அளவீடுகளைத் தொகுத்து 2021 இல் வெளிவந்த ஆய்வு, 1980 தொடக்கம் மேல்நீரின் ஒட்சிசன் 5.5 சதவீதமும் ஆழ்நீரின் ஒட்சிசன் 18.6 சதவீதமும் குறைந்துள்ளன எனக் கணித்தது. வயல்களிலிருந்து வழிந்தோடும் உரமும் நகரக் கழிவும் பாசியைப் பெருக்கி இக்குறைவை மேலும் விரைவாக்குகின்றன. மேலிருந்து சூடும் கீழிருந்து மூச்சடைப்பும் நெருங்கிவர, இடையே மீன் நிற்கும் பட்டை ஆண்டுக்காண்டு ஒடுங்குகின்றது. பட்டை ஒடுங்குந்தோறும் மீன் செறிந்து நிற்கும். செறிந்து நிற்குந்தோறும் பிடித்தல் எளிதாகும். பிடித்தல் எளிதாகுந்தோறும் ஏரி வளமுடையது என்னும் மயக்கம் மிகும். மீன் அருகும் காலத்திலேயே அது பெருகியதுபோலத் தோன்றும் இம்முரண்பாட்டை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

முற்காலத்தில் ஏரியின் ஆழமே மீனுக்கு அரணாயிருந்தது. மீன் எங்கே சென்றது என்பதை அறியாமையே மனிதன் கைக்கு விலங்காயிருந்தது. வெப்பமானியும் எதிரொலிக் கருவியும் அவ்விலங்கை அறுத்துவிட்டன. இனி அறிவே அறிவுக்கு வேலியாதல் வேண்டும். இடநீர்மையைக் கற்ற தூண்டிற்காரன், அக்கல்வியின் மறுபாதியாகிய அளவையும் கற்பானாயின், பொரிக்குஞ் சட்டியும் நிறையும்; அடுத்த தலைமுறைக்கு ஏரியும் நிறைந்திருக்கும்.